கட்டத்துக்குள் வராத பதினொரு கோழிகள்

“வாய் திறக்காத ஒரு ஆள் வேணும்” என்று கோழித் தீன் மில்காரர் கேட்டாராம். “அப்படியெண்டா எங்கட பக்கத்து வீட்டு ராத்தாவ விட்டா வேற ஆருமில்ல” என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். எழுபது வயதுக்குக் கிட்ட எனக்கு ஒரு வேலை கிடைத்தது அப்படித்தான்.

நான் கதைக்கத் தெரியாத ஆள் இல்லை. ஆட்களுக்கு முன்னால் வாய் எழும்பாது, அவ்வளவுதான். மன்னாரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழும்பி நிற்பேன், சத்தம் வராது. தெரியாது என்று நினைத்து இருக்கச் சொல்லிவிடுவா. கலியாணம் முடித்த பிறகு கதைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அவர் கதைத்தார். தொண்ணூறில் எங்கள் ஆட்களை எல்லாம் வெளியேற்றியபோது ஊரை விட்டு எழும்பி இந்தக் கற்பிட்டி றோட்டுப் பக்கம் வந்து ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்திலும், பிறகு இந்த இரண்டறை வீட்டைக் கட்டின காலத்திலும், அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியது அவர்தான். அவர் மௌத்தாகி ஆறு வருடம். மகன் கட்டாரில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து போன் எடுப்பான்.

“சாப்பிட்டீங்களா உம்மா?”

“ஓம் மகன்.”

“மருந்து போட்டீங்களா?”

“ஓம் மகன்.”

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. சில நாட்களில் விடிந்ததிலிருந்து அஸர் தொழுகை வரைக்கும் ஒரு சொல் சொல்லாமல் இருந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிடும்போது தொண்டையைச் செருமினால்தான் அது எனக்கே தெரியவரும்.

அவள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான், புருசன் இல்லாதவள். மகள் மன்னாருக்குத் திரும்பிப் போய்க் குடியிருக்கிறாள். இவள் போகவில்லை. கொல்லையில் தகரக் கூடு போட்டு இறைச்சிக் கோழி வளர்த்து, கோழியோடும் என்னோடும் இருந்தாள். எனக்கும் சேர்த்து அவளே கதைப்பாள். கேள்வியும் கேட்டு, விடையும் சொல்லி, “அப்படித்தானே ராத்தா?” என்பாள். நான் தலையை ஆட்டுவேன்.

பெற்றோலுக்கு எல்லோரும் வரிசையில் நின்ற அந்த வருடம் கோழிக்குச் சோளமும் கிடைக்காமல் போனது. தீன் மூட்டையின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பக்கத்தில் கூடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. இவள் மட்டும் கையிலிருந்த கொஞ்சக் கோழியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். காரணம், மில்காரர் ஒரு கதை சொல்லியிருந்தார்.

அந்தக் கதையை அவர் எனக்கும் சொன்னார், என்னுடைய முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு.

“மாமி, அரிசித் தவிடு எங்கட நாட்டில நிறைய இருக்கு. அதுக்குள்ள சத்தும் இருக்கு. ஆனா கோழிட வயித்தால அத உடைச்செடுக்க ஏலாது. அரவாசி அப்படியே பின்னால போகுது. இந்தத் தூள ஒரு மூட்டைக்கு ஒரு புடி கலந்தா உள்ளுக்குப் போய் உடைச்சிக் குடுக்கும். சோளத்தக் குறைக்கலாம்.”

அவர் கொண்டு வந்த தூள் பையைப் பார்த்தேன். ‘நொதியம்’ என்று போட்டிருந்தது. ஐந்தாம் வகுப்பில் அந்தச் சொல்லை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

“மருந்தில்ல மாமி. அப்பத்துக்கு மா புளிக்குதே, அந்த இனத்துச் சாமான்.”

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்கவும் கொஞ்ச நேரம் பிடித்தது. “ஹலாலா தம்பி?”

“பூஞ்சணத்தில இருந்து எடுக்கிறது மாமி. கடுதாசி இருக்கு. நானும் முதல்ல அதத்தான் கேட்டன்.”

தூளைக் கலந்து விற்பதற்குக் கொழும்பில் ஒரு கந்தோர் அனுமதி தர வேண்டும். வேறு நாடுகளில் பார்த்த கணக்கெல்லாம் கட்டுக் கட்டாகக் கொடுத்தாயிற்றாம். எங்கள் நாட்டுத் தவிட்டிலும் எங்கள் வெயிலிலும் ஒரு தடவை வளர்த்துக் காட்டு, பிறகு பார்ப்போம் என்று கந்தோர் சொல்லியிருக்கிறது. அதற்காக மில்காரர் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னங்காணியில் ஒரு கூடு கட்டினார். எட்டுத் தடுப்பு. ஒவ்வொரு தடுப்பிலும் முப்பது குஞ்சு. நாலு தடுப்புக்குச் சிவப்பு நூலால் தைத்த மூட்டை, நாலு தடுப்புக்கு நீல நூலால் தைத்த மூட்டை. எதில் தூள் இருக்கிறது என்று மில்காரருக்கே தெரியாது. அதைத் தைத்து அனுப்பியது வேறு ஆட்கள். ஒவ்வொரு குஞ்சின் இறக்கையிலும் இலக்கம் அடித்த சின்ன அலுமினியத் தகடு ஒன்று குத்தியிருந்தது.

கந்தோரிலிருந்து ஒரு மிஸ் வந்து எனக்குக் காட்டித் தந்தா. சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தமிழை உடைத்து உடைத்துக் கதைப்பா. தடித்த மட்டைச் சீஆர் கொப்பி ஒன்றில் கட்டம் போட்டுக் கொண்டு வந்திருந்தா. நாள், தடுப்பு, கொடுத்த தீன், மிச்சத் தீன், உயிரோடு உள்ளது, செத்தது.

“அம்மா, ஒரு கோழி செத்தா, உடனே நிறுக்க வேணும். தகட்டு நம்பர், நிறை, இந்தக் கட்டத்தில எழுத வேணும். ஹரித, சரியா?”

நான் தலையை ஆட்டினேன்.

“அம்மா கதைக்கிறதே இல்லையே” என்று மிஸ் சிரித்தா.

“அதுதான் மிஸ் இவவப் புடிச்சன்” என்றார் மில்காரர். “மத்தவங்கட்டக் குடுத்தா நாளைக்கு நுரைச்சோலைச் சந்தியில ரேடியோ போடுவாங்க.”

இந்த வேலையில் எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. மனிசர் முன்னால் வராத சத்தம் கோழிகளுக்கு முன்னால் வந்தது. முதல் கிழமை குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும். எட்டிப் பார்த்தால் நிலக்கரி மில்லின் புகைக்கூண்டு தெரிகிறது, ஊருக்கெல்லாம் கரண்ட் அங்கேயிருந்து போகிறது, எங்களுக்கு மட்டும் கரண்ட் வெட்டு. கரிச்சட்டியை மூட்டித் தடுப்புக்கு நடுவில் வைத்துவிட்டுப் பக்கத்தில் சாக்கைப் போட்டு இருந்தேன். இருநூற்று நாற்பது குஞ்சும் ஒரே நேரத்தில் கீச்சிட்டன. “பொறுங்கடா, இப்ப வந்திடும் சூடு” என்று சொன்னேன். அது யாருடைய குரல் என்று நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. உமியைக் கிளறும்போது கதைத்தேன். தண்ணிக் கிண்ணம் கழுவும்போது கதைத்தேன். மகனுடைய கதை, அவருடைய இருமல், ஊரிலிருந்து வரும்போது வள்ளத்தில் என் மடியில் இருந்த ஒரு தேங்காய், அதை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் பொத்திக்கொண்டு வந்தது. அதையெல்லாம் அவருக்கும் நான் சொன்னதில்லை. கோழிகள் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டுத் தீனுக்குப் போய்விடும்.

மூன்றாம் கிழமையில் எந்த நூல் எது என்று என் காலுக்குத் தெரிந்துவிட்டது. நீல நூல் தடுப்புகளில் உமி பொலபொலவென்று கிடந்தது. சிவப்பு நூல் தடுப்புகளில் தென்மேற்குச் சோளகக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து எச்சம் களிபோல உள்ளங்காலில் ஒட்டியது. தூள் நீல மூட்டையில்தான், அது வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கியது. ஆரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி வேலியில் நின்று தினமும் கேட்பாள். “எப்பிடி ராத்தா உங்கட கொழும்புக் கோழியள்? பாஸ் பண்ணுமா? எனக்கு அந்தத் தீன் வந்தாத்தான் அடுத்த குஞ்சு எடுக்கலாம். இல்லாட்டி மகள் சொல்றாள், கூட்டப் புடுங்கிப் போட்டு வா உம்மா எண்டு. மருமகன்ட வீட்டில போய் மூலைக்குள்ள இருக்கச் சொல்றாள். ஏலுமா என்னால? நீங்க சொல்லுங்க, ஏலுமா?”

நான் ஏலாது என்று தலையை ஆட்டுவேன்.

முதல் கோழி சரிந்தது ஆறாம் தடுப்பில். கால் மடிந்து, கழுத்து தொங்கி, கண் பாதி மூடிக் கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு இந்த இடத்தில் யோசனையே வராது. செத்தால் ஹறாம். உயிர் போக முந்தி அறுத்தால் ஒரு வீட்டுக்குக் கறி. நான் கோழியைத் தூக்கி, மிஸ் சொன்னபடி தராசில் வைத்து நிறுத்தேன். தகட்டைக் கத்தரித்து எடுத்தேன், கறிக்குள் போய்விடும் என்று. பிறகு முக்காட்டுக்குள் கோழியை மறைத்துக்கொண்டு றோட்டோர வேலி வாசலில், கடப்படியில் போய் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் அறுக்கிற வழக்கமில்லை. ஒரு ஆம்பிளை வர வேண்டும். வந்தாலும் கூப்பிட வேண்டும். கையில் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, என் வாயில் சத்தம் இல்லை. நல்ல வேளை பள்ளி மோதினார் சைக்கிளில் வந்தார். நான் நிற்கிற விதத்தைப் பார்த்தே பிரேக் பிடித்தார்.

“என்ன ராத்தா, கோழியா? கத்தியத் தாங்க.”

பிஸ்மி சொல்லி அறுத்துத் தந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பாங்கு சொல்லப் போனார். கறி பக்கத்து வீட்டுக்குப் போனது. நான் சாப்பிடவில்லை. நான் கதைத்த கோழி அது.

பிறகு கொப்பியை எடுத்தேன். ‘உயிரோடு உள்ளது’ கட்டத்தில் இருபத்தொன்பது என்று எழுதினேன். ‘செத்தது’ கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. அது சாகவில்லை. செத்தது என்று எழுதினால் அது பொய். பொய் மட்டுமில்லை, பக்கத்து வீட்டில் அடுப்பில் வேகிற கறி செத்த கோழி என்றாகிவிடும். ஒரு முஸ்லிம் வீட்டுக்குச் செத்ததைக் கொடுத்தேன் என்று என் கையாலேயே எழுதி வைப்பதா? அந்தக் கட்டத்தில் ஒரு சைபர் போட்டேன்.

ஆனால் நிறையை எழுது என்று மிஸ் சொல்லியிருக்கிறா. எங்கே எழுதுவது? சுவரில் தொழுகை நேரம் போட்ட கலண்டர் தொங்கியது. அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் தடுப்பையும் நிறையையும் எழுதி, தகட்டை அதில் சுற்றி, மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய டொபி டின்னுக்குள் போட்டு வைத்தேன். மிஸ் வந்தால் கேட்பா, கொடுக்கலாம் என்று.

இப்படிப் பத்துக் கோழி போனது. சிலது கால் மடிந்து, சிலது வெக்கையில். ஒவ்வொரு தடவையும் கடப்படியில் நின்றேன். மீன் வியாபாரி ஒருநாள், லொறிக்காரர் ஒருநாள், மோதினார் பல நாள்.

பதினோராவது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியாயிற்று. றோட்டில் ஒரு ஆம்பிளை கிடையாது, ஒரு சைக்கிள் கிடையாது. வெயில் மட்டும்தான். இரண்டாம் தடுப்புச் சேவல், கொண்டையில் மட்டும் கொஞ்சம் கறுப்புத் தட்டினது, நான் எங்கே போனாலும் தடுப்போரமாகக் கூடவே நடக்கும், அதுதான் கையில் கிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பள்ளியில் தொழுகை முடிந்து ஆட்கள் வரும்வரை அது பொறுக்காது.

கிணற்றடிக்குக் கொண்டு போனேன். கிப்லா பக்கம் திருப்பி, “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்” என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கத்தி ஒரு தடவைதான் போய் வந்தது.

கறிப் பாத்திரத்தை வாங்கும்போது பக்கத்து வீட்டுக்காரி நேரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஜும்ஆ நேரத்தில ஆரு ராத்தா அறுத்த?”

நான் கையைப் பின்னால் மறைத்தேன்.

“அல்லாஹ்வே! நீங்களா?” அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கடைக்காரனிட்ட சீனி கேக்கவே வெக்கப்படுற மனிசி கழுத்த அறுத்திருக்கு! பயப்புடாதீங்க, பொம்பள அறுத்தாலும் ஆகும், மௌலவி பயான்ல சொன்னவர். இனி எனக்கும் நீங்கதான் அறுக்க வேணும்.”

அன்று அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தத் தாளையும் தகட்டையும் டின்னில் போட்டேன்.

ஆறு கிழமை முடிந்தது. கடைசி நாள் மிஸ் வந்தா, மில்காரர் வந்தார். காலையிலிருந்து எல்லாக் கோழியையும் நிறுத்தோம். வேலை முடிந்து மிஸ் கதிரையில் இருந்து கொப்பியைப் புரட்டினா. மில்காரர் சந்தோசத்தில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நீல நூல் கோழிகள் நிறையில் கூட நின்றன, அது கண்ணுக்கே தெரிந்தது.

“இது சரியெண்டா நாளைக்கு லொறி வரும் மாமி. கூட்டக் கழுவிப் பூட்டிடலாம். உங்களுக்கும் இனிக் கரைச்சல் இல்ல.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் கேட்டது பூட்டுகிற சத்தம் மட்டும்தான்.

மிஸ் நெற்றியைச் சுருக்கினா. “இருநூத்தி நாப்பது போட்டது. இப்ப இருநூத்தி இருபத்தொம்பது. செத்தது எல்லா இடமும் சைபர், சைபர், சைபர். பதினொரு கோழி எங்க?”

மில்காரர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரிதான் குரல் கொடுத்தாள். “அதெல்லாம் அறுத்தாச்சு மிஸ்!”

“அறுத்தது? ஏன்?”

மில்காரர் தலையைச் சொறிந்தார். “மிஸ், எங்கட ஆக்களுக்குச் செத்தத சாப்பிட ஏலாது. அதால சாக முந்தி அறுத்திடுவம்.”

“அனே! டெஸ்ட் கோழிய சாப்பிட்டதா?”

“நல்ல ருசி மிஸ்” என்றாள் வேலிக்காரி. “அதையும் ஒரு கட்டம் போட்டு எழுதுங்க.”

மிஸ்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பேனையால் கொப்பியைத் தட்டினா. “எனக்கு ஃபோமில ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஒண்டு உயிரோட. ஒண்டு செத்தது. சாகவும் இல்ல, உயிரோடவும் இல்ல எண்டா நான் கொழும்புக்கு என்ன சொல்ற?”

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விளங்கப்படுத்தினா. எந்தத் தடுப்பில் எந்த நாள் குறைந்தது என்று கொப்பியிலேயே தெரியும். ஆனால் போகும்போது என்ன நிறை என்று தெரியாவிட்டால், அதுவரை அது தின்ற தீனைக் கணக்கில் சேர்க்க முடியாது. அது இல்லாமல் இந்தச் சோதனையைக் கந்தோர் ஏற்றுக்கொள்ளாது. முதலிலிருந்து திரும்பச் செய்யத்தான் சொல்லும்.

“திரும்பவுமா? ஆறு கிழமை மிஸ்! அதுக்குப் புறகு அவங்க பாத்து முடிக்க இன்னும் எவ்வளவு?”

“அதுதான் கேக்கிறன்.” மிஸ் என் பக்கம் திரும்பினா. குரலை மெதுவாக்கினா. “அம்மா, நிறை எங்கேயும் எழுதி வெச்சீங்களா? தகடு ஏதும் இருக்கா?”

டின் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து இருபது அடி. பதினொரு தாள், பதினொரு நாள், பதினொரு நிறை.

நான் கூட்டைப் பார்த்தேன். கோழிகள் என் குரல் கேட்கும் என்று தடுப்போரம் வந்து நின்றன. நாளைக்கு லொறி. அதற்குப் பிறகு கழுவிப் பூட்டிய கூடு. வெள்ளிக்கிழமை வரை “ஓம் மகன்” என்று சொல்லவும் ஒரு தேவை வராது.

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

“விடுங்க மிஸ்” என்றார் மில்காரர். “மாமிக்கு வெக்கம். வெளி ஆக்களோட கதைக்க மாட்டா. தகடெல்லாம் எறகோட போயிருக்கும்.”

சின்ன வயதில் டீச்சர் செய்ததைப் போலவே மிஸ்ஸும் என்னை இருக்கச் சொன்னா. கொப்பியில் குறுக்காக ஒரு கோடு இழுத்தா. நான் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்தது.

வேலிப் பக்கம் பார்த்தேன். அவள் சிரிப்பு நின்றிருந்தது.

குஞ்சு கிடைக்கச் சுணங்கியது. ஒரு மாதத்துக்கு மேல் கூடு வெறுமையாகக் கிடந்தது. பிறகு வந்தன. மிஸ் புதுக் கொப்பி கொண்டு வந்தா. அதில் அடிமட்டம் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘அறுத்தது’ என்று தன்னுடைய குழந்தை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தா. “இப்ப அம்மாட கோழிக்கும் வீடு இருக்கு” என்றா.

நான் சந்தோசமாக இருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை. காலையில் எழும்பினால் போக ஒரு இடம் இருந்தது. குஞ்சுகளுக்குப் பழைய கதைகளையே திரும்பச் சொன்னேன். இந்த முறை ஏழு கோழி அறுக்க வேண்டி வந்தது. ஏழையும் நானே அறுத்தேன், ஏழையும் கட்டத்தில் எழுதினேன். டின்னைத் திறக்கவில்லை.

நாலாம் கிழமை ஒரு காலையில் பக்கத்து வீட்டுக் கூட்டிலிருந்து தகரம் கழற்றுகிற சத்தம் கேட்டது. மருமகன் லொறி கொண்டு வந்திருந்தான். அவளிடம் கோழி முடிந்து நாளாகிவிட்டது. புதுக் குஞ்சு எடுத்து, கிடைக்கிற தீனைப் போட்டு வளர்க்க அவளால் முடியவில்லை. அந்தத் தூள் தீன் வரும், வரும் என்று பார்த்திருந்தாள்.

வேலிக்கு வரவில்லை, வாசலால் வந்தாள். புதுச் சாரி உடுத்திருந்தாள்.

“போய்ட்டு வாறன் ராத்தா. மூலை ஒண்டு ஒதுக்கியிருக்காம் எனக்கு, போய் இருந்து பாப்பம்.” சிரிக்கப் பார்த்தாள். “பெமிட் வந்தா சொல்லுங்க. வந்திருவன். கூட்ட எப்பவும் திரும்பப் போடலாம்தானே?”

அலுமாரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றது. டின்னை அன்றே கொடுத்திருந்தால் அந்தத் தீன் வருவது மூன்று மாதம் முந்தியிருக்கும். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று.

“சரி, சரி. அழாதீங்க” என்று அவளே எனக்கு விடையும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கூட்டுக்குப் போய் உமி கிளறினேன். கோழிகள் வந்து நின்றன. எனக்குச் சத்தம் வரவில்லை.

அனுமதி வந்தது. சோதனை முடிந்து கொழும்பில் இருந்து கடிதம் வர நோன்பும் வந்து போய்விட்டது. மில்காரர் இனிப்புக்கு ஒரு கிண்ணம் தொதலும், பதிவு இலக்கம் அடித்த முதல் மூட்டைகளில் ஒரு வெற்றுச் சாக்கும் கொண்டு வந்து தந்தார். “உங்கட கையாலதான் மாமி இது வந்த” என்றார். கூட்டைக் கழுவிப் பூட்டினார்கள். பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. அந்தச் சாக்கைக் கால்மிதியாகப் போட மனமில்லாமல் மடித்து வைத்திருக்கிறேன்.

பெமிட் வந்தால் சொல்லச் சொன்னவளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் போனைக் கையில் வைத்திருந்தேன். நான் யாருக்கும் எடுத்துப் பழக்கமில்லை, மற்றவர்கள் எடுத்தால்தான் பழக்கம். லுஹர் தொழுதுவிட்டு, டின்னையும் மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் போன் எடுத்தேன்.

“ராத்தாவா! நீங்களா எடுத்தீங்க? அல்லாஹ்வே, என்ன சொகமில்லையா?”

“பெமிட் வந்திட்டு.”

“ஓ.” ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. “நல்லம் ராத்தா. ஆனா இனி எப்பிடி வாற? மருமகன் கூட்டுத் தகரத்த ஆட்டுக் கொட்டிலுக்கு அடிச்சிட்டார். மகளுக்கும் வயித்தில அடுத்த பிள்ளை. இனி வர ஏலாது.”

அதோடு வைத்திருக்கலாம். அவளும் வைக்கத்தான் பார்த்தாள்.

“ஒண்டு சொல்ல வேணும்” என்றேன். பிறகு சொன்னேன். கலண்டர் தாள், தகடு, டின், அது எங்கே இருந்தது, மிஸ் கேட்டபோது ஏன் நான் கதைக்கவில்லை. கோழிக்குச் சொன்னதைப் போல நிறுத்தாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு மனிசருக்கு ஒரே மூச்சில் அவ்வளவு சொன்னது அதுதான்.

வழக்கமாக அவள் கதைப்பாள், நான் தலையை ஆட்டுவேன். போனில் தலை ஆட்டுவது தெரியாது.

“அந்த ஜும்ஆக் கோழிட தாளும் அதுக்குள்ளயா இருக்கு?” என்று கடைசியில் கேட்டாள்.

“ஓம்.”

“என்ன நிறை?”

டின்னைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். தகடு மடியில் விழுந்தது. வாசித்துச் சொன்னேன்.

“ம். நல்ல கோழி” என்றாள். பிறகு, “எனக்கிட்டக் கேட்டிருந்தா நான் பகல் முழுக்க உங்கட வீட்டில வந்து இருந்திருப்பனே ராத்தா” என்றாள். பிள்ளை திரும்ப அழுதது. “வெக்கிறன்.”

அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. நான் இரண்டு தடவை எடுத்தேன். மணி அடித்து நின்றது. மகள் வீட்டில் வேலை அதிகமாக இருக்கும்.

மகன் வெள்ளிக்கிழமைகளில் எடுக்கிறான். இப்போதெல்லாம் சாப்பிட்டேன், மருந்து போட்டேன் என்று அவன் கேட்க முந்தியே சொல்லி வைத்துவிடுகிறேன். “என்ன உம்மா அவசரம்?” என்கிறான். அவனோடு கதைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவள் எடுத்தால் லைன் கிடைக்காமல் போகும்.